இயந்திரம் எழுதிய முகம்

விழா மலரின் ஆசிரியர் என்னிடம் இரண்டு பொருள்களைக் கேட்டார். ஒன்று, ஒரு கட்டுரை. மற்றையது, 1963ஆம் ஆண்டு எங்கள் விஞ்ஞானக் கழகத்தினர் ஆசிரியருடன் இருந்து எடுத்துக்கொண்ட நிழற்படம். எண்பதை அண்டிய இவ்வயதிற் கட்டுரை எழுதுதல் எளிதன்று எனக் கூறி முன்னதை மறுத்தேன். பின்னதைத் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டேன். படத்தைத் தேடப் போய் நிகழ்ந்தவையே மறுத்த கட்டுரையையும் எழுதுமாறு செய்துவிட்டன.

அக்காலத்தில் யான் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தேன். பௌதிக ஆய்வுகூடத்தின் பின்புறத்தில், பழைய பொருள்கள் அடைக்கப்பட்டிருந்த சிறு அறையொன்றை எங்கள் பௌதிக ஆசிரியர் இருட்டறையாக மாற்றியிருந்தார். செந்நிற விளக்கின் மங்கலான ஒளியில், இரசாயனத் திரவத்துள் அமிழ்த்திய வெற்றுத் தாளிலே மெல்ல மெல்ல ஓர் உருவம் எழுவதை முதன்முறை கண்டபொழுது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலில் வேட்டியின் கரை, பின்னர் தலைமயிர், அதன்பின் கண்கள் என்று அது வந்தது. கண்கள் வந்ததும் அந்த மனிதரே வந்துவிட்டார் போலத் தோன்றும்.

அந்நாளிற் படப்பிடிப்பு நிலையங்களில் எதிர்ப்படத்தின்மேற் கூரிய பென்சிலாற் பூசி, முகத்துச் சுருக்கங்களையும் தழும்புகளையும் மறைப்பது வழக்கம். கல்யாணத்துக்குப் பேச்சு நடக்கும் பெண்ணின் படத்துக்கு அது இன்றியமையாத அலங்காரம். எங்கள் கழகப் படத்திலும் அவ்வாறு செய்தால் என்னவென்று நாங்கள் கேட்டோம். ஆசிரியர் உடன்படவில்லை. "ஒளி எழுதிய இடத்தில் நீ எழுதாதே, எழுதுவதானால் உன் பெயரையும் கீழே எழுது" என்றார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு முழுவதும் விளங்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அப்படத்தில் இரண்டாம் வரிசையில் நின்றவன் என் ஆருயிர் நண்பன். இருட்டறையில் எனக்குத் துணையாயிருந்தவனும் அவனே. 1974இல் காய்ச்சல் கண்டு, முப்பது வயதை எட்டுமுன் மறைந்தான். அவனது பெயரை இங்கே குறிப்பிடுதலை அவன் தங்கையார் விரும்பவில்லையாதலின் அதனை விடுக்கின்றேன்.

மலராசிரியர் கேட்ட படத்தின் ஒரேயொரு பிரதி அந்தத் தங்கையாரிடமே எஞ்சியிருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது மழையும் பெய்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அம்மையார் பையொன்றில் இட்டுச் சென்றவற்றுள் இப்படமும் ஒன்று. நனைந்த படம் பக்கத்திலிருந்த கடதாசியோடு ஒட்டிக்கொண்டது. பின்னர் பிரித்தபொழுது நண்பனின் முகம் இருந்த இடத்தின் ஒரு பகுதி அக்கடதாசியோடு போய்விட்டது. எஞ்சிய பகுதியிற் கபில நிறக் கறை படிந்திருந்தது. வீட்டிலிருந்த ஏனைய படங்கள் வீட்டுடனேயே அழிந்தன. ஆகவே, இவ்வுலகில் அவனுடைய முகத்துக்கு எஞ்சிய சாட்சி அக்கறை படிந்த சிறு துண்டு மட்டுமே.

பல்கலைக்கழகத்திற் கணினி பயிலும் என் பேரன் அதனைத் தன் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவு இயந்திரம் ஒன்றுக்கு அனுப்பினான். ஒரு நிமிடங்கூடச் செல்லவில்லை. கறையும் கீறலும் நீங்கிப் படம் நேற்று எடுத்ததுபோல மின்னியது. எல்லோருடைய சட்டைகளும் மடிப்புக் குலையாதிருந்தன. இரண்டாம் வரிசையில், முகமில்லாதிருந்த இடத்தில், அழகிய இளைஞன் ஒருவன் புன்னகை புரிந்துகொண்டிருந்தான். அதனைக் கண்ட கணத்தில் எனது கண்களும் கலங்கின என்பதை மறைப்பானேன்?

அம்மையாரிடம் கொண்டுசென்று காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்னர், "வடிவாய்த்தான் செய்திருக்கிறீர், தம்பி. ஆனால் இது எங்கட அண்ணை இல்லை" என்று சொல்லிப் படத்தை என் பேரனிடம் திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் என் பேரன், "அப்பப்பா, அந்த முகம் எங்கிருந்து வந்தது?" என்று வினவினான். கணினி பயில்பவன் கேட்கவேண்டிய வினாவே அது. அதற்கு விடை கூறப் புகுந்தால் எழுபது ஆண்டுக்கால ஆராய்ச்சியைக் கூறல்வேண்டும். யான் என் தொழில்வாழ்வின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையின் படப் பிரிவிற் கழித்தவன். ஆதலின் அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியையேனும் அருகிருந்து காணும் பேறு எனக்கு வாய்த்தது.

படங்களைக் கணினி கையாளும் கலையில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, ஒளி தந்த படத்தை ஆராய்ந்து அதிலுள்ளதைத் தெளிவாக்குவது. அதனைப் படச் செயன்முறை என்பர். மற்றொன்று, இல்லாத பொருளுக்குக் கணிதத்தினால் உருவம் சமைப்பது. அதனைக் கணினி வரைவியல் என்பர். இரண்டும் வெவ்வேறு ஊற்றுக்களிலிருந்து பிறந்தவை.

முதலாவதன் பிறப்பை 1957இல் வைக்கலாம். வாஷிங்டனிலிருந்த தேசிய நியமப் பணியகத்தில் றசல் கேர்ஷ் என்பவரும் அவர்தம் துணைவர்களும், மூன்று மாதக் குழந்தையான அவருடைய மகனின் படத்தைக் கணினிக்குள் புகுத்தினர். படத்தை நெடுக்கில் 176, குறுக்கில் 176 எனச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரமும் கறுப்பா வெள்ளையா எனக் கருவி குறித்துக்கொண்டது. இன்று பிக்செல் என்று வழங்கும் அச்சதுரங்கள் அப்படத்தில் 30,976 மட்டுமே. படம் இலக்கங்களாயிற்று, இலக்கங்களானபின் கூட்டலும் பெருக்கலும் அதன்மேற் செய்யலாமாயிற்று.

படம் என்பது இலக்கங்களே என்பதை 1965இல் நிகழ்ந்ததோர் இனிய சம்பவம் விளக்கும். அவ்வாண்டு யூலை மாதத்தில் மரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று படங்களை அனுப்பியது. ஒவ்வொரு படமும் 200க்கு 200 புள்ளிகள் கொண்டது. ஒரு படம் பூமியை வந்தடைய எட்டு மணித்தியாலத்துக்கு மேற் சென்றது. கலிபோர்னியாவிலிருந்த ஜெற் உந்துகை ஆய்வுகூடத்துப் பொறியியலாளர்களுக்குப் பொறுமையில்லை. இலக்கங்கள் அச்சாகி வந்த தாட்கீலங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, இன்ன இலக்கத்துக்கு இன்ன நிறம் என வகுத்து, பாடசாலைப் பிள்ளைகளைப் போல வண்ணக்கட்டிகளால் நிறந்தீட்டினர். கணினி முறையாகப் படத்தை ஆக்குமுன்னரே செவ்வாயின் விளிம்பு அத்தாளிலே தோன்றிற்று. கையால் நிறந்தீட்டினராயினும், இலக்கம் சொல்லாத நிறத்தை அவர்கள் ஓரிடத்திலும் தீட்டவில்லை என்பதே அதன் சிறப்பு.

இத்துறை மனித குலத்துக்கு அளித்த பெருங்கொடை மருத்துவத்திலேயே விளைந்தது. உடலின் ஒரு குறுக்குவெட்டைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிராலே துருவி, அவ்வளவைகளிலிருந்து உள்ளிருப்பதைக் கணித்தெடுக்கலாம் என்பதற்கான கணிதத்தை யோகான் ரேடன் என்னும் அறிஞர் 1917இலேயே எழுதிவைத்திருந்தார். இங்கிலாந்தில் கொட்பிறே ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவி 1971 ஒக்டோபரில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. ஒரு கோணத்துக்கு 160 அளவைகள், 180 கோணங்கள். ஆக 28,800 அளவைகள். அவற்றிலிருந்து 80க்கு 80 சதுரங்களில் மூளையின் படம் எழுந்தது. மண்டையோட்டைத் திறவாமல் மூளையைக் காணும் வழி அன்று பிறந்தது. இக்கணிதத்தைத் தனியே வகுத்த அலன் கோமக்கும் ஹவுன்ஸ்பீல்டும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

யான் பணிபுரிந்த இடத்துக்கும் இக்கருவி வந்தது. அக்காலப் படங்களில் மணல் தூவியது போன்ற ஒரு கலக்கம் இருக்கும். அதனை இரைச்சல் என்போம். ஒவ்வொரு புள்ளியையும் அதன் அயற் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் மணல் மறையும். படம் பட்டுப்போல வழுவழுப்பாகும். இளமைத் துடிப்பிலே ஒருநாள் யான் ஒரு நோயாளியின் படத்தை அளவுக்கு மீறி வழுவழுப்பாக்கி, மெச்சுவார்கள் என்றெண்ணி மருத்துவரிடம் அனுப்பினேன். அவ்வம்மையார் அதனைத் திருப்பியனுப்பி, முதற்படத்தைக் கேட்டார். முதற்படத்தில் மணலுக்கிடையே சிறியதோர் இரத்தக்கசிவு தெரிந்தது. யான் அழகுபடுத்திய படத்தில் அது இல்லை. அழைத்துக் கடிந்துகொண்டார்: "இந்த மணல் எனக்குத் தொல்லையன்று. கருவிக்கு எவ்வளவு தெரியாது என்பதை இதுவே எனக்குச் சொல்கிறது. அதை ஏன் அழித்தீர்?" அன்றிரவு எங்கள் பௌதிக ஆசிரியரை நினைத்துக்கொண்டேன்.

இனி மற்றைய கிளையைப் பார்ப்போம். 1963இல், எங்கள் கழகப் படம் எடுக்கப்பட்ட அதே ஆண்டில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் இளைஞர் தமது ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, ஒளிப்பேனாவாற் கணினித் திரையிற் கோடு வரையும் முறையொன்றைச் சமர்ப்பித்தார். பின்னர் அவர் யூற்றாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். மலைகளும் உப்பேரியும் சூழ்ந்த அவ்வூர் சில ஆண்டுகளில் இக்கலைக்குக் குருகுலமாயிற்று. திரையிற் சமைத்த பொருளின் மேற்பரப்பில் நிழல் இழைந்து படியும் வழியை 1971இல் ஆன்றி கூறோ கண்டார். பளபளப்பான பொருளில் ஒளி சுடர்விடும் இடத்தைக் கணிக்கும் வழியை 1973இல் வியற்நாம் நாட்டவரான புயி தூங் பொங் கண்டார். அவர் 1975இல், முப்பத்திரண்டு வயதளவில், இறந்துபோனார். இன்றும் கணினி விளையாட்டுக்களில் ஒரு பந்தின்மேல் வெண்சுடர் தெறிப்பதைக் காணுந்தோறும் அவர் வகுத்த வழியையோ அதன் வழித்தோன்றல்களையோதான் காண்கின்றோம். இளமையில் மறைந்த ஒருவனை நினைத்திருப்பவனுக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தருவதாகும்.

அங்கேயே 1975இல் மாட்டின் நியூவெல் என்பவர், கணினியில் வரைவதற்குத் தக்க பொருளைத் தேடி, தம் வீட்டுத் தேநீர்க் கேத்தலையே இலக்கங்களாக்கினார். வயிறும் மூக்கும் பிடியும் மூடியும் கொண்ட அக்கேத்தல், தன்மேல் தானே நிழல் வீழ்த்தவல்லதாதலின், பின்வந்தோரெல்லாம் தம் முறைகளைச் சோதிக்கும் உரைகல்லாயிற்று. 1980இல் ரேணர் விற்றெட் கண்ணாடியினூடு கதிர்கள் செல்லும் பாதையைப் பின்தொடர்ந்து படம் வரைந்து காட்டினார். 1986இல் ஜேம்ஸ் கஜியா, ஒளி ஒரு பொருளினின்று மற்றொன்றுக்குத் தெறித்துப் பரவுவதனைத்தையும் ஒரே சமன்பாட்டுள் அடக்கினார். 1995இல் முழுவதும் கணினியாலேயே சமைத்த நெடும்படமாகிய 'ரோய் ஸ்ரோரி' திரையரங்குகளுக்கு வந்தது. இவையாவும் கற்பனை உருவங்களே. எனினும் இவற்றில் வஞ்சனை இல்லை. அத்திரைப்படத்தின் பொம்மை எங்கோ உண்மையாக வாழ்கின்றதென எவரும் நம்பவில்லை.

எனவே, படச் செயன்முறையாளன் "அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டான். வரைவியலாளன் "இருந்திருந்தால் எவ்வாறு தோன்றும்?" என்று கேட்டான். இவ்விரு வினாக்களும் அரை நூற்றாண்டு தனித்தனியே நின்றன. அவை கலந்தது அண்மையிலேதான்.

2012இல் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சிப் போட்டியில், படத்திலுள்ள பொருளை இனங்காண்பதில், இலட்சக்கணக்கான படங்களைக் கண்டு பயின்ற நரம்பு வலைப்பின்னல் ஒன்று பிழையை நூற்றுக்கு 15.3 ஆகக் குறைத்தது. இரண்டாவதாக வந்ததன் பிழை 26.2. அதன்பின் இத்துறையின் திசை மாறிற்று. மனிதன் விதி வகுப்பதை விடுத்து, இயந்திரமே படங்களிலிருந்து விதிகளைக் கற்கலாயிற்று. 2014இல் இயன் குட்பெலோவும் துணைவரும் இரண்டு வலைப்பின்னல்களைப் போட்டியிட வைத்தனர்; ஒன்று பொய்ப்படம் வரையும், மற்றையது அதனைப் பொய்யென்று பிடிக்கும்; இருவருக்குள்ளும் நிகழும் போரில் வரைவோனின் கை தேறும். 2020இல் வேறொரு முறை முன்னேறியது. ஒரு படத்தின்மேல் இரைச்சலைப் படிப்படியாகத் தூவி, முகம் முற்றும் மறையுமாறு செய்வர். பின்னர் அவ்வழியே திரும்பி நடக்க இயந்திரத்துக்குப் பயிற்சி அளிப்பர். நன்கு பயின்ற இயந்திரத்திடம் வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும், அது அதனுள்ளிருந்து ஒரு முகத்தை எடுத்துத் தரும். அம்முகம் எத்தாயும் ஈன்றதன்று.

என் பேரன் கேட்ட வினாவுக்கு விடை இங்கேயே உள்ளது. நண்பனின் இடத்தில் வந்த முகம், இயந்திரம் முன்பு கண்ட எண்ணற்ற முகங்களிலிருந்து வந்தது. வெற்றிடத்தின் அயலைப் பார்த்து, அங்கே பொருந்தக்கூடிய ஒன்றை அது ஊகித்தது. அவ்வூகத்தில் எங்கள் நண்பனுக்குப் பங்கே இல்லை.

இது அறிஞர் அறியாத குறையன்று. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 16க்கு 16 புள்ளியளவான மங்கற் படத்திலிருந்து 1,024க்கு 1,024 அளவான முகத்தை ஆக்கும் முறையொன்றை வெளியிட்டனர். பொதுமக்களில் ஒருவர் அதற்கு அமெரிக்க முன்னாட் சனாதிபதி ஒபாமாவின் மங்கற் படத்தை இட்டபொழுது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் தந்தது. தாம் ஆக்குவன கற்பனை முகங்களேயென்றும், ஆளை இனங்காண அவற்றைப் பயன்படுத்தலாகாதென்றும் அம்முறையைச் செய்தவர்கள் விளக்கினர். எனினும், விளக்கத்தைப் படிப்போர் சிலர். படத்தைப் பார்ப்போர் பலர்.

ஊகம் கலவாமல் விஞ்ஞானம் செய்ய முடியாதா என்று மாணவர் கேட்கலாம். முடியாது. ஆனால் ஊகத்துக்கும் ஒழுக்கம் உண்டு. எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவேயுள்ள கருந்துளையின் படத்தை 2019 ஏப்பிரல் 10ஆந் திகதி உலகம் கண்டது. அஃது ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ளது. உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்த தொலைநோக்கிகள் 2017இற் பெற்ற அளவைகள் மிகவும் குறைவுபட்டவை. அவற்றோடு பொருந்தும் படங்கள் எண்ணில. ஆதலின் ஆராய்ச்சியாளர் நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவரோடொருவர் பேசாது, தத்தம் முறையில் படத்தை ஆக்கினர். நால்வரும் கொண்டுவந்த படங்களில் ஒரேவகை வளையம் இருக்கக் கண்ட பின்னும் அவர்கள் திருப்தியடையவில்லை. வளையமே இல்லாத பொய்ப்பொருள்களின் அளவைகளைச் சமைத்து, தம் முறை அங்கும் வளையத்தைக் கற்பித்து விடுகின்றதா எனச் சோதித்தனர். கற்பிக்கவில்லை என்று கண்ட பின்னரே உலகுக்குக் காட்டினர். தான் காண விரும்புவதைத் தானே வரைந்துவிடுவேனோ என்னும் அச்சம் அவர்களிடம் இருந்தது. அந்த அச்சமே அப்படத்துக்கு மதிப்பளித்தது.

இவையனைத்தையும் பேரனுக்குக் கூறி முடித்தபின், இருவரும் பழைய படத்திடமே மீண்டோம். இம்முறை இயந்திரத்தை ஊகிக்குமாறு பணிக்கவில்லை, அளக்குமாறு பணித்தோம். நல்ல ஸ்கானர் ஒன்றிற் படத்தை இட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளியிலும் பெற்ற பதிவுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தோம். கபிலக் கறை நீல ஒளியை விழுங்கும். சிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆதலின் சிவப்புப் பதிவிற் கறை ஏறக்குறைய மறைந்து, அதன் கீழ்க் கிடந்த பழைய வெள்ளித்துகளின் உருவம் வெளிப்பட்டது. பின்னர் விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தபொழுது, கடதாசியோடு உரிந்துபோன பகுதியின் எல்லை தெளிவாயிற்று. எல்லைக்கு இப்புறத்தில் நெற்றியின் ஒரு பாதியும், ஒரு காதும், வாரி விட்ட தலைமயிரும், அருகில் நின்றவனின் தோள்மேற் கிடந்த கையும் கிடைத்தன. அப்புறத்தில் ஒன்றுமில்லை. அங்கே ஒளி எழுதியது அழிந்துபோயிற்று.

அதனை அச்சிட்டுக்கொண்டு மீண்டும் அம்மையாரிடம் சென்றோம். என் பேரன் தயங்கித் தயங்கியே நீட்டினான். அம்மையார் விரலால் அக்காதைத் தொட்டார். "இது அண்ணையின்ர காதுதான். அம்மா இதைப் பிடிச்சு முறுக்கித்தான் எழுப்புறவ" என்றார். பின்னர் அப்படத்தைத் திருப்பித் தரவில்லை. வேறொரு பிரதியை அச்சிட்டு மலராசிரியருக்கு அனுப்பினோம்.

மாணவத் தம்பிகளே! இவ்வியந்திரங்களை வெறுக்குமாறு யான் கூறவில்லை. கண்ணிழந்தோருக்குப் படத்தை வாயாற் கூறவும், நோயைத் தொடக்கத்திற் கண்டறியவும், அழிந்த கோயிற் சிற்பத்தைத் திரையில் மீள நிறுத்திப் பார்க்கவும் அவை உதவும். அவற்றைக் கற்று அவற்றினும் சிறந்தவற்றை ஆக்குவோர் உங்களுள் தோன்றுதல் வேண்டும். ஆனால், கண்டது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்துச் சொல்லும் நேர்மையை இயந்திரம் தானாகக் கற்காது. அதனைச் செய்பவன் கற்பிக்கவேண்டும். ஊகித்த இடத்தில் ஊகித்தவனின் பெயர் இருத்தல் வேண்டும். சிறிய இருட்டறையிற் செந்நிற விளக்கின் கீழ் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் அதுவே. அக்கல்வியைத் தந்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!

1963ஆம் ஆண்டுக் கழகப் படம் இம்மலரில் வெளிவருகின்றது. அதில் இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவரின் முகத்திற் பாதி வெண்மையாகவே விடப்பட்டுள்ளது. அதனை அச்சகத்தாரின் பிழையென்று அன்பர்கள் கொள்ளாதிருப்பார்களாக.